தரைக்கு மேலே நாற்பத்திரண்டு அடி

எங்கள் ஊர்ச் சின்னக் கண்மாய் தரையை விட்டு எழும்பிய நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. ரேஷன் கடையில் பாமாயில் போடுகிற நாளாக இருந்ததால் பாதி ஊர் அதைக் கவனிக்கவில்லை, கவனித்த மீதிப் பாதியும் வரிசையில் இடம் போய்விடும் என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததோடு சரி. காலை ஏழரை மணிக்கு, மூன்று ஏக்கர் தண்ணீரும் அதிலிருந்த அல்லியும் விராலும் ஜிலேபிக் கெண்டையும் கெளுத்தியும், போன வருஷம் யாரோ கைநழுவ விட்ட ஒரு பித்தளைச் செம்பும் சேர்ந்து, கல்யாண வீட்டில் நாலு பேர் நாலு முனையைப் பிடித்து ஜமுக்காளத்தைத் தூக்குவதுபோல ஒரே சீராக மேலே போயின. பனைமர உச்சிக்குக் கொஞ்சம் கீழே வரை போய், ஒரு குலுங்கு குலுங்கி, அங்கேயே நின்றுகொண்டன. கீழே சேறும் ஏழெட்டு ஒற்றைச் செருப்பும் ஒரு சைக்கிள் ரிம்மும் மிச்சம். சேற்றில் படுத்திருந்த எருமைகள் பத்து மணி வரைக்கும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதற்கு மேல் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எழுந்து போய்விட்டன. ஊரும் ஏறக்குறைய அதையே செய்தது.

ஏன் எழும்பியது என்று ஒரு வாரம் பேசினார்கள். வெயில் தாங்காமல் எழும்பியது என்று சிலர், கரையில் சரக்குப் பாட்டில் உடைத்தவர்கள் மேல் கோபம் என்று சிலர், தொடர்ந்து நாலு தடவை தூர் வாரியதாக எழுதியும் ஒரு தடவைகூட வாராததால் கண்மாய் தானே அடிப்பக்கத்தைக் காற்றாட விட்டிருக்கிறது என்று சிலர். பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, ஏனென்றால் அதற்குள் கண்மாய்க்கு அடியில் நிழல் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

சாதாரண நிழல் இல்லை. சித்திரை வெயில் தண்ணீருக்குள் புகுந்து, பச்சையாக வடிகட்டப்பட்டு, ஆடி ஆடிக் கீழே இறங்குகிற நிழல். முதலில் சலூன்காரர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அடுத்து ஐந்தாம் வகுப்பு வந்தது. அதற்கடுத்து, கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்கிற ஜோடிகள் வெளியூரிலிருந்தெல்லாம் வந்து, மீன்கள் தலைக்கு மேலே போகிற நேரம் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓஸ் பைப்பை மூங்கிலில் கட்டித் தூக்கினால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் இறங்கியது. எப்போதாவது ஒரு தவளை தவறி விழும். பழகிய ஆட்கள் குடை கொண்டுபோவார்கள். பக்கத்து ஊரான நெடுவயல்காரர்கள் வந்து, சாயங்காலத்தில் நிழல் அவர்கள் எல்லைக்குள் முப்பதடி விழுகிறது, அந்த முப்பதடியில் தங்களுக்குப் பாத்தியதை உண்டு என்று சண்டை போட்டார்கள். காலையில் அது எங்கள் பக்கம் விழும்போது வந்து பேசுங்கள் என்று அனுப்பிவைத்தோம்.

என் அம்மா பஞ்சவர்ணம் அதுவரை பஸ் நிறுத்தத்தில் வெயிலில் உட்கார்ந்து இட்லி விற்றுக்கொண்டிருந்தவள். இரண்டாம் வாரமே அடுப்பையும் கொப்பரையையும் கண்மாயின் நட்டநடு வயிற்றுக்கு நேர்கீழே கொண்டுபோய்விட்டாள். அவள் வாழ்க்கையில் முதல்முறையாக நிழலில் வியாபாரம். மூன்றே வாரத்தில் கழுத்து வேர்க்குரு போய்விட்டது.

நான் ஊராட்சி அலுவலகத்தில் கணினி இயக்குகிறவள், தற்காலிகம். பி.எஸ்சி. விலங்கியல். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. அதற்காக நாற்பது நாள் அலைந்ததால், இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்ல இந்த நாட்டில் எத்தனை கையெழுத்து வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

கண்மாய் எழும்பியதில் உண்மையாகவே கஷ்டப்பட்டது ஊரின் கைகள்தான். வைகாசியில் எங்களுக்கு மீன்பிடித் திருவிழா. தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றியதும், ஊர்த் தலைவரான அம்பலம் மடைக்கல் மேல் ஏறித் தோளில் கிடக்கிற வெள்ளைத் துண்டை எடுத்து உயர்த்துவார். அன்று துண்டு ஏறுகிறவரை ஒரு குழந்தைகூடத் தண்ணீரில் விரலை விடாது. ஏறிவிட்டால் கலெக்டரே வந்து நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. பிடித்த மீனை யாரும் விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைத்துத் தின்ன வேண்டும். அதுதான் முறை. இந்த வருஷம் வைகாசி வந்துவிட்டது, மீன்கள் தலைக்கு மேலே வயிற்றைக் காட்டிக்கொண்டு போகின்றன, கை மட்டும் எட்டவில்லை.

ஆட்கள் வழக்கமான தூண்டிலை மேல்நோக்கி வீசிப் பார்த்தார்கள். ஈயக்குண்டு நாற்பதடி போய் அதே வேகத்தில் திரும்பி வந்து, வீசியவர் மண்டையிலேயே விழுந்தது. புழு கழன்று, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வாயில் விழுந்தது. ஒரே நாளில் ஆறு பேருக்கு நெற்றியில் தையல்.

அப்போதுதான் ஊருக்கு இருதயராஜ் அண்ணன் நினைவு வந்தது. அவர் மினிபஸ் கண்டக்டர். இரண்டு நடைக்கு நடுவில் பஸ் கண்மாய்க்கரையில் ஐம்பது நிமிஷம் நிற்கும். அந்த நேரத்தில், பார்சலில் வரவழைத்த ஒன்பதடிக் கம்பை வைத்துக்கொண்டு, இரண்டு வருஷமாக அவர் ஒரு காரியம் செய்துவந்தார். புழு கிடையாது, குண்டு கிடையாது. சேவல் இறகை முள்ளில் சுற்றி ஈபோலக் கட்டி, கனமான நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் சாட்டையாகச் சுழற்றி, அந்தப் பொய் ஈயைத் தண்ணீர்மேல் பூ விழுவதுபோல விழவைப்பார். ஜிலேபி வந்து கொத்தும். சில நாள், அல்லி இலைக்குக் கீழேயிருந்து விரால் வந்து, கதவை அறைந்து சாத்துகிற சத்தத்தோடு விழுங்கும். பிடித்ததும் முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். இதுதான் ஊரால் தாங்க முடியாததாக இருந்தது. காக்காய் விரட்டுகிறவன் என்றார்கள். புழு வாங்க வக்கில்லாமல் மீனுக்கே காது குத்துகிறான் என்றார்கள். பிடித்துப் பிடித்து விடுகிறானே, டிக்கெட்டையும் இப்படித்தான் கிழித்துக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வானோ என்றும் கேட்டார்கள்.

இப்போது அதே ஆட்கள் பஸ்ஸுக்குள் ஏறி, அண்ணே, அந்த ஈயைக் கொஞ்சம் காட்டுங்க என்றார்கள்.

பொய் ஈக்குக் கனமே இல்லை. மேல்நோக்கி வீசினால் நூல் வளைந்து வளைந்து ஏறி, கடைசியில் ஈ மட்டும் தண்ணீரின் அடிப்பரப்பைத் தொட்டு, உத்தரத்தில் பல்லி ஒட்டுவதுபோல ஒட்டிக்கொண்டு மிதந்தது. மீன்கள் கீழ்நோக்கி வந்து கொத்தின. இழுத்தால் மீன் தண்ணீரிலிருந்து பிதுங்கி, ஒரு கணம் யோசித்து, மடியில் வந்து விழுந்தது. பத்தே நாளில் ஊரில் மூங்கில் கொல்லையில் நுனி மிஞ்சவில்லை, சேவல்களுக்குக் கழுத்தில் இறகு மிஞ்சவில்லை. ஈ கட்டுவதில் ஆண்கள் விரல் ஓடவில்லை. பூக்கட்டுகிற பெண்கள் ஒரு தடவை பார்த்தார்கள், மல்லிகைக்குப் போடுகிற அதே முடிச்சு. காம்பு இருக்கிற இடத்தில் முள் இருக்கிறது, அவ்வளவுதான். வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே கட்டித் தள்ளினார்கள். எத்தனை ஈ வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை முழம் வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

ஆனால் அம்பலம் துண்டை உயர்த்தாத வருஷத்தில் பிடிக்கிற மீனை வீட்டுக்குக் கொண்டுபோவது முறையில்லை. அதனால் ஊரே மீனைப் பிடித்து, முத்தம் கொடுக்காத குறையாகப் பார்த்துவிட்டு, வாளியில் போட்டு ஏணி வைத்து மேலே ஊற்றியது. இருதயராஜ் அண்ணன் யாரையும் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. பஸ்ஸில் மட்டும் அந்த வாரம் சில்லறை கேட்டுப் படுத்தி எடுத்தார்.

நான் அவருக்காகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன், எந்த மீன், எத்தனை, எந்த ஈக்கு. படித்த படிப்புக்கு வேறு உபயோகம் இல்லாததால். அப்படி ஒரு நாள், முழங்கை நீள விரால் ஒன்று மாட்டி, அவர் அதை வெடுக்கென்று இழுக்காமல் ஐந்து நிமிஷம் மெல்ல இழுத்து விட்டுப்பிடித்துக்கொண்டிருந்தபோது, கரையோரப் பனையில் நான் கீறி வைத்திருந்த அடையாளத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். கண்மாய் ஒரு சாண் இறங்கியிருந்தது. மீன் தண்ணீரை விடவில்லை, அண்ணன் மீனை விடவில்லை, நடுவில் கண்மாய் இறங்கி வந்துகொண்டிருந்தது. நூல் அறுந்ததும் பழையபடி மேலே போய்விட்டது. மறுநாளும் அளந்தேன். அதற்கு மறுநாளும். ஒரு நல்ல மீனுக்கு ஒரு சாண். யாரிடமும் சொல்லவில்லை. தப்பாக அளந்திருந்தால் என்ன ஆவது என்ற பயம்.

அந்த வாரம்தான் அலுவலகத்துக்கு அந்தக் கடிதம் வந்தது. நீர்நிலையில் நீர் இல்லாதபட்சத்தில் அந்த இடத்தில் கடை வளாகம் கட்டலாமென்றும், நீர் இல்லை என்பதற்குச் சான்று அனுப்பும்படியும் கேட்டிருந்தார்கள். செயலர் சார் வாசகத்தைச் சொன்னார், நான் தட்டச்சு செய்தேன். கீழே, சரிபார்த்தவர் என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். இல்லாததை இல்லை என்று சொல்ல மூன்று கையெழுத்து வேண்டியிருந்தது. இருக்கிறதை இல்லை என்று சொல்ல ஒன்று போதுமாம், அதுவும் என்னுடையது.

ஜன்னல் வழியாகக் கண்மாய் தெரிந்தது. ஒரு கெளுத்தி மீசையை ஆட்டிக்கொண்டு போனது.

அந்த வரியை அழித்துவிட்டு, நீர்நிலை உள்ளது, தரைமட்டத்துக்கு மேலே நாற்பத்திரண்டு அடி உயரத்தில், என்று அடித்து, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். செயலர் சார் அதை இரண்டு தடவை படித்தார். தப்பு என்று சொல்லவில்லை. இதை எந்தப் பத்தியில் சேர்ப்பார்கள் என்றுதான் கவலைப்பட்டார்.

பதில் எட்டே நாளில் வந்தது. ஆனி பதினெட்டாம் தேதி ஆய்வு அலுவலர் நேரில் வருவார். அன்று நீர் தரையில் இருந்தால் அது கண்மாய், இல்லையென்றால் மனை. தவறான தகவல் தந்த தற்காலிகப் பணியாளர் பற்றியும் அன்றே முடிவு செய்யப்படும்.

என் வேலை போவது ஒரு பக்கம். கீழே கட்டடம் எழும்பிவிட்டால், என்றைக்காவது இறங்க நினைக்கிற கண்மாய்க்கு இறங்க இடம் இருக்காது. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே அளந்ததை இருதயராஜ் அண்ணனிடம் சொன்னேன். அவர் டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டு, எல்லோருக்கும் நல்ல மீனே மாட்டாது, முந்நூறு தூண்டில் வேண்டும் என்றார்.

முந்நூறு தூண்டில் ஊரில் இருந்தது. முந்நூறு மனசுதான் இல்லை. ஊர்க்கூட்டத்தில் பாதிப்பேர் கண்மாயை இறக்க வேண்டும் என்றார்கள், பாதிப்பேர் மேலேயே இருக்கட்டும், கீழே கடையும் வரட்டும் என்றார்கள். இரண்டாவது பாதியில் முன்வரிசையில் என் அம்மா.

"மேலதான் நல்லாருக்குல்லடி. கீழ கெடந்தப்ப என்னத்தக் கண்டோம், பாசியும் கொசுவும். இப்ப காசில்லாத பந்தல்."

"கட்டடம் வந்துட்டா அது எங்கம்மா வந்து எறங்கும்?"

"எறங்கணும்னு அது ஒங்கிட்ட வந்து சொல்லுச்சா?"

கூட்டம் சிரித்தது. அது சொல்லவில்லை என்பது உண்மைதான்.

கடைசியில் எல்லோரும் அம்பலத்தைப் பார்த்தார்கள். அம்பலம் சேவுகப்பெருமாள் எதையும் உடனே முடிவு செய்யாமல் இருப்பதாலேயே இருபது வருஷமாக அம்பலமாக இருக்கிறவர். அவர் மருமகனுக்குப் புதுக் கட்டடத்தில் மூலைக் கடை பேசி முடித்திருந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நெடுநேரம் தாடையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாரும் அன்னைக்குத் தூண்டிலோட வந்து கரையில நில்லுங்க. மீனை மாட்டி வச்சிக்கங்க. நான் துண்ட ஒசத்துனா மெதுவா இழுங்க, ஒசத்தலேன்னா தூண்டில் நரம்பை அறுத்து விட்டுட்டு வீட்டுக்குப் போங்க. ஒசத்துவீகளா மாட்டீகளான்னு ஒருத்தரும் எங்கிட்ட வந்து கேக்கப்புடாது."

உயர்த்த மாட்டார் என்று எல்லோருக்கும் புரிந்தது. இருந்தாலும் முறை என்று ஒன்று இருப்பதால் எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள். இழுக்கக் கூடாது என்று சொன்னவர்களும்.

பதினெட்டாம் தேதி பதினொரு மணிக்கு, கரையைச் சுற்றி முந்நூற்றுப் பன்னிரண்டு தூண்டில். நான் எண்ணினேன். ஈக்கள் மேலே போய் ஒட்டின, மீன்கள் வந்து வாயைக் கொடுத்தன, நரம்புகள் எல்லாப் பக்கமிருந்தும் இழுபடக் காத்து நின்றன. அம்மாவும் ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முறைக்காக. அவள் அடுப்பும் கொப்பரையும் கீழே நட்டநடுவில் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. சலூன்காரர் நாற்காலியை அப்போதே கரையேற்றிவிட்டார். அவருக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது. அம்பலம் மடைக்கல் மேல் ஏறி, துண்டைத் தோளில் நன்றாக அழுத்திப் போட்டுக்கொண்டு நின்றார்.

ஆய்வு அலுவலர் ஞானசுந்தரம் ஜீப்பில் வந்தார். மடக்கு நாற்காலி, அளவு நாடா, பாலித்தீன் உறை போட்ட படிவம். மையத்தில் நின்று பார்வையிட்டு எழுத வேண்டும் என்று படிவத்தில் இருந்ததால், என்னைக் கூப்பிட்டு எழுது அட்டையைக் கையில் கொடுத்து, கண்மாயின் நடுவுக்கு நடந்தார். அம்மாவின் இட்லிக் கடைக்குப் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தார். காலால் ஒரு முறை தட்டிப் பார்த்தார். புழுதி பறந்தது. தலைக்கு மேலே முந்நூற்றுப் பன்னிரண்டு மீன்கள் பொய் ஈயை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தன.

"சார், கொஞ்சம் மேல பாருங்க," என்றேன்.

"படிவத்துல மேலன்னு ஒண்ணும் இல்லையேம்மா," என்றார். கெட்ட மனிதர் இல்லை. படிவத்தை என்னிடம் காட்டினார். உண்மையில் இல்லை.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்: "எழுதிக்கம்மா. நீர், இல்லை."

நான் பொய் சொன்னதில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அலுவலக நேரத்தில் சொன்னதில்லை. பேனாவைப் பார்த்தேன். புதுப் பேனா, காலையில்தான் வாங்கியது.

"சார், பேனா எழுதல," என்றேன். "ஒரு நிமிஷம்."

பேனாவை உதறினேன். ஊதினேன். மூடியைக் கழற்றித் திருகினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம் இரண்டானது, இரண்டு நாலானது. கண்மாய்க்கு அடியில் நின்ற எங்களுக்கு நிழல். கரையில் நின்ற முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும், மடைக்கல் மேல் நின்ற அம்பலத்துக்கும், ஆனி மாதத்து உச்சி வெயில். அம்பலத்தின் வழுக்கையிலிருந்து வேர்வை புருவத்துக்கு வந்தது, புருவத்திலிருந்து கண்ணுக்கு இறங்கியது. கண் எரிந்தது. இருபது வருஷம் அம்பலமாக இருந்தாலும் கண் எரிந்தால் மனிதன் என்ன செய்வான்? தோளிலிருந்த துண்டை எடுத்தார். முகத்துக்குக் கொண்டுபோனார். துடைத்துவிட்டு, ஈரம் போக ஒரு உதறு உதறினார்.

வெள்ளைத் துண்டு அவர் தலைக்கு மேலே ஏறி இறங்கியது.

அம்பலத்தின் முகத்தைப் பார்த்தேன். தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல. அதற்குள் முதல் தூண்டில் இழுபட்டுவிட்டது. அது என் அம்மாவின் தூண்டில். பிறகு முந்நூற்றுப் பதினொன்று.

கண்மாய் விழவில்லை, இறங்கியது. பிரசவமான பெண்ணைக் கட்டிலில் படுக்கவைப்பதுபோல, பக்கம் பக்கமாகப் பார்த்து, நரம்புகளின் பிடியில், மீன்களின் வாயைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு தண்ணீரும் வந்தது. முதலில் குளிர்ச்சி வந்தது. பிறகு பாசி வாசனை. பிறகு என் தலைமுடி ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. அடுப்பு ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது. பிறகு எல்லாம் பச்சை.

நான் மேலே வந்தபோது கரை முழுக்க ஒரே குரலாகக் கேட்டது. எல்லோரும் வேட்டியையும் சேலையையும் ஏற்றிக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் குதித்துக்கொண்டிருந்தார்கள். துண்டு ஏறிவிட்டது, திருவிழா தொடங்கிவிட்டது, இனி யார் சொன்னாலும் நிற்காது. இருதயராஜ் அண்ணன் கம்பை மடக்கிப் பையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று விசில் ஊதினார். ஒருவரும் ஏறவில்லை. அம்மா கரையில் கையில் மூங்கிலோடு, அதன் நுனியில் துள்ளுகிற ஒரு விராலோடு நின்றாள்.

"நானா இழுக்கலடி," என்று அங்கிருந்தே கத்தினாள். "துண்டு ஏறுச்சு, கை இழுத்துருச்சு. கொப்பரையப் புடி, போயிரப்போவுது."

கொப்பரை மிதந்து என் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது. உள்ளே இட்லி நனையாமல் இருந்தது. இரண்டு கைக்கு அந்தப் பக்கம், மடக்கு நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டு, ஆய்வு அலுவலர் ஞானசுந்தரம். கழுத்துக்குக் கீழே அவர் தெரியவில்லை. காதில் ஒரு அல்லித் தண்டு தொங்கியது. முகத்தில் கோபம் இல்லை. எந்தப் பத்தியில் கோபப்படுவது என்று தேடிக்கொண்டிருந்ததுபோல இருந்தார்.

எழுது அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். அதைக் கொப்பரை மூடியின் மேல் வைத்து, காலை அடித்து மிதந்துகொண்டு கேட்டேன்:

"சார், என்ன எழுத?"

அவர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், கடைசியாக மேலே பார்த்தார். மேலே வானம் மட்டும் இருந்தது.

"நீர், உள்ளது," என்றார்.

"ஆழம் சார்?"

"கழுத்தளவு."

"யாரோட கழுத்துன்னு போட சார்?"

ஒரு ஜிலேபி அவர் சட்டைப் பைக்குள் புகுந்து வெளியே வந்தது. அவர் அதைக் கவனித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"ஆய்வு, அலுவலரின், கழுத்தளவு."

எழுதினேன். பேனா நன்றாக எழுதியது.